உர்ஹோவை அழிப்பது எப்படி

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிட்டேன். அடித்தபோது அணைத்தேன். கெட்டிலில் தண்ணீர் போட்டேன். பல் தேய்த்தேன். முகம் மழிக்கவில்லை. பிரீசரிலிருந்து ஒரு துண்டு லசான்யாவை எடுத்து மைக்ரோவேவில் வைத்தேன். ஓரம் கொதித்தது, நடுப்பகுதி உறைந்தே இருந்தது. நின்றபடி ஓரங்களைச் சாப்பிட்டேன். வெளியே போய், இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த வயரைப் பிளக்கிலிருந்து உருவினேன். கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டினேன், டிரைவர் பக்கம் மட்டும்.

என் மனைவி நடீன் நவம்பர் கடைசியில் இறந்தாள். நெடுஞ்சாலையில் வழுக்குப் பனி, எதிரே மரம் ஏற்றிய லாரி. கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பே நகரத்தில் ஒருவர் செத்தால், ஊர் அந்த வீட்டுக்கு லசான்யா செய்து கொண்டுவரும். எங்கள் தெருவில் லூத்தரன்கள் ஒரு பக்கம், கத்தோலிக்கர்கள் ஒரு பக்கம். இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். கத்தோலிக்கர்கள் வென்றார்கள். அவர்களில் இத்தாலியர்கள் அதிகம்.

இது பிப்ரவரி. நான் ஏழாம் வகுப்பு ஆசிரியர். விடுப்பில் இருந்தேன். மறுபடி வகுப்புக்குள் போவதற்கு முன் மெல்ல ஆரம்பிக்கலாம் என்று சொல்லித் தலைமையாசிரியர் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். பிள்ளைகள் முதியோருக்கு ஃபோனும் டேப்லெட்டும் சொல்லிக்கொடுப்பார்கள். முதியோர், நோட்டீஸில் போட்டிருந்தபடி, பிள்ளைகளுக்கு வாழ்க்கையைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆசிரியர்கள் நடுவில் நின்று இரண்டையும் கெடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசிச் சமாச்சாரத்துக்குத்தான் பயிற்சி. இரண்டு நாள், மதியச் சாப்பாட்டோடு. லசான்யா இல்லையே என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

பயிற்சி நடந்தது எங்கள் பள்ளி நூலகத்தில். நடத்தியவர் கொராலி என்ற பெண்மணி, கல்வி வாரியத்திலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். காதில் வாத்து வடிவத் தோடு. முதல் நாள் எங்களுக்கு அவர் கொடுத்தது புத்தகமல்ல, ஆளுக்கு ஒரு ஜோடி தோல் கையுறை. பனிமேல் ஓடும் ஸ்கிடூ வண்டிக்காரர்கள் போடுவது. விரல்களுக்கு அறை கிடையாது, கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு மூலை. அதைப் போட்டுக்கொண்டால் மூக்கைக்கூட ஒழுங்காகச் சொறிய முடியாது.

"உங்க வாய்கூடப் பரவாயில்ல, கைதான் ஆபத்து," என்றார் கொராலி. "ஒரு வயசானவங்க ஃபோனை வெச்சுக்கிட்டுத் தடுமாறினா, உங்க கை தானாப் போய்ப் புடுங்கிடும். டக்கு டக்குன்னு நாலு தட்டு. 'இதோ ஆச்சு'ன்னு திருப்பிக் குடுப்பீங்க. அவங்க என்ன கத்துக்கிட்டாங்க? உங்களைக் கூப்பிடக் கத்துக்கிட்டாங்க."

ஆகவே விதி: ஃபோனை அதன் சொந்தக்காரர் மட்டுமே தொடலாம். பிள்ளை வாயால் வழி சொல்லலாம். ஆசிரியர் தொடவும் கூடாது, வழி சொல்லவும் கூடாது. ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றினால் மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். அதற்குப் பிறகும் தோன்றினால் சொல்லலாம். பெரும்பாலும் அதற்குள் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். விதியை மீறிப் பிடுங்குகிறவர் மதியச் சாப்பாட்டையும் கையுறையோடே சாப்பிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. நாங்கள் பிடுங்கியே பிழைப்பவர்கள். பென்சிலைப் பிடுங்குவோம், தொப்பியைப் பிடுங்குவோம், மாணவன் பாதி சொன்ன பதிலைப் பிடுங்கி மீதியை நாங்களே சொல்வோம்.

முதல் நாள் எங்களுக்குள்ளேயே ஒத்திகை. ஒருவர் முதியவராக நடிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் வாஸ்லின் பூசி, விரல் மூட்டுகளில் டேப் சுற்றி, கையில் ஃபோனைக் கொடுத்தார்கள். என் ஜோடி லாய்ட். உடற்கல்வி ஆசிரியர், இருபது வருடமாக விசில் ஊதியே பேசுபவர். நான் கிழவன். ஒரு புகைப்படத்தை அனுப்ப வேண்டும். டேப் சுற்றிய விரலால் நான் நாலைந்து முறை தவறாகத் தட்டினேன். லாய்டின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவர் கையுறையோடே என் ஃபோனைப் பிடுங்கி மூக்கால் அழுத்தி அனுப்பினார்.

மதியம் அவர் கையுறையோடு பட்டாணி சூப் குடித்தார். குடித்தது கால்வாசி, சட்டையில் முக்கால்வாசி.

"இது டீச்சர் பயிற்சியா, நாய் பயிற்சியாடா?" என்று என்னிடம் கேட்டார். "'உட்காரு, இரு, தொடாத.' பிஸ்கட் மட்டும்தான் குறைச்சல்."

பிறகு நான் ஆசிரியர், அவர் கிழவி. அவர் கீச்சுக்குரலில் என்னென்னவோ கேட்டார், பத்து நிமிடம் ஃபோனைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தட்டினார். நான் பேசாமல் நின்றேன். கொராலி வந்து பார்த்தார். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எவ்வளவு பொறுமை, எவ்வளவு நம்பிக்கை, இதுதான் முன்மாதிரி என்றார். ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டாள். நான் எதையும் எண்ணவில்லை. அவசர வழிப் பலகையில் ஓடிக்கொண்டிருக்கும் பச்சை மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக நான் இப்படித்தான் நிற்கிறேன். பல் மருத்துவர் திட்டினார், வங்கிப் பெண் திட்டினாள். கல்வி வாரியம்தான் முதன்முதலாக இதைத் திறமை என்றது.

இரண்டாம் நாள் நிஜமான முதியோர் வந்தார்கள். நிஜமான பிள்ளைகளும். ஒரு மேசைக்கு ஒரு முதியவர், ஒரு பிள்ளை, கையுறை போட்ட ஓர் ஆசிரியர். கொராலி அட்டையும் பேனாவுமாகச் சுற்றி வந்து மதிப்பெண் போட்டார். பக்கத்து மேசையில் லாய்டுக்கு வாய்த்த கிழவர், பனி தள்ளும் இயந்திரம் ஒன்றை இணையத்தில் விற்க வந்திருந்தார். நல்ல புகைப்படம் வேண்டுமென்று இயந்திரத்தையே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். லாய்டின் காலை முழுவதும் அதை உள்ளே வரவிடாமல் தடுப்பதிலேயே போனது.

என் மேசைக்கு வந்தவர் எய்லா. எண்பதைத் தாண்டியவர், ஃபின்லாந்துக்காரர்களின் பேத்தி, இந்த ஊரில் பாதிப் பேரைப்போல. கோட்டைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றவில்லை. உறைந்த ஏரியின் ஐஸ் ஓட்டையிலிருந்து இழுத்த மீனைப் போடுவதுபோல ஃபோனை மேசைமேல் போட்டார். பிள்ளை என் வகுப்பு டெஸ்ஸா. பன்னிரண்டு வயது. சட்டைத் தொப்பியின் கயிற்றை மெல்லும் பழக்கம். அச்சடித்த கேள்விகளைப் பார்த்து டெஸ்ஸா ஆரம்பித்தாள்: இன்றைக்கு என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள், எனக்கு எதைக் கற்றுத்தர விரும்புகிறீர்கள்.

"கத்துத்தர என்கிட்ட ஒண்ணும் இல்ல, குட்டி," என்றார் எய்லா. "இதுல ஒண்ணே ஒண்ணை அழிக்கணும். அழிச்சதும் கிளம்பிடுவேன். காப்பி நல்லாருந்தா ஒரு வாய் குடிப்பேன்."

அழிக்க வேண்டியது அவர் கணவர் உர்ஹோவின் குரல். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து உர்ஹோ கூப்பிட்டிருக்கிறார், எய்லா எடுக்கவில்லை, அவர் குரலஞ்சலில் பேசி வைத்துவிட்டார். மறுநாள் காலை போய்விட்டார். மகள் மார்லின் அந்தச் செய்தியைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எல்லோரும் எய்லா வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மார்லின் ஃபோனை எடுத்து உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஓடவிடுகிறாள். எல்லோரும் அழுகிறார்கள். பிறகு இறைச்சியை வெட்டுகிறார்கள்.

அழித்துக்கொடு என்று எய்லா மகளைக் கேட்டிருக்கிறார். மகள் அதற்கும் அழுதாள். மருமகன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மார்லினிடம் போட்டுக்கொடுத்தான். ஃபோன் கடைப் பையன் நெஞ்சில் கைவைத்து, என்னால் முடியாது என்றான். பொது நூலகத்தில் ஒரு பெண், துக்கத்தைக் கடப்பது பற்றி ஒரு மடிதாள் கொடுத்தாள். யாரும் செய்யப்போவதில்லை, தானே கற்றுக்கொண்டால்தான் உண்டு என்று இங்கே வந்திருக்கிறார்.

டெஸ்ஸா கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். ஏன் அழிக்க வேண்டும், தன் தாத்தாவின் குரல் இருந்தால் தான் அழிக்கவே மாட்டேன் என்றாள்.

"அது அவர் குரல் இல்ல," என்றார் எய்லா. "மருந்து குடுத்து, மூக்குல குழாய் போட்டு, யாரோ பேசறாப்ல இருக்கும். எங்க வீட்டுக்காரர் கர்லிங் டீமுக்குத் தலைவர், தெரியுமா? கல்லு ஐஸ்ல வழுக்கிட்டு வரும்போது அந்தக் கோடியில நின்னு, துடைப்பக்காரங்களைப் பாத்து 'தேய்'னு கத்தினாருன்னா, பக்கத்துத் தளத்துல ஆடறவனும் சேர்த்துத் தேய்ப்பான். அந்தக் குரல் எனக்குள்ள இருந்துச்சு. இதை வாராவாரம் கேட்டுக் கேட்டு, அது போயிடுச்சு. இப்போ அவரை நெனைச்சா இதுதான் வருது. பாத்திரம் கழுவும்போது, படுக்கும்போது, எப்பவும் இதேதான். எனக்கு அந்த மனுஷன் வேணும். இந்த ஃபோன்காரன் வேணாம்."

டெஸ்ஸா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விதி அப்படி. கொராலி அட்டையில் ஏதோ குறித்தார், நல்ல குறிப்பாகத்தான் இருக்கும்.

பிறகு டெஸ்ஸா வழி சொன்னாள். பச்சைப் பொத்தான். கீழே வலது மூலை. எய்லாவின் விரல் பட்டன் தைப்பவரின் விரல்போல மெதுவாகப் போனது. பட்டியல் வந்தது. ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு செய்தி. அதைத் தொடச் சொன்னாள் டெஸ்ஸா. எய்லா தொட்டார். மார்லின் போன ஞாயிறு கூட்டிவைத்த சத்தம் அப்படியே இருந்தது. நூலகம் முழுக்கக் கேட்டது.

"எய்லா. நான்தான். அந்த உலர்ந்த பிளம்ஸ் தின்னும் வயிறு இளகல. மருந்து அலமாரில இன்னொண்ணு இருக்குல்ல, அதைக் கொண்டா. நர்ஸுக்குத் தெரிய வேணாம். யார்கிட்டயும் சொல்லாத, என்ன?" கொஞ்ச நேரம் மூச்சு. பின்னால் டிவி பரிசுப் போட்டியில் யாரோ ஒரு கார் ஜெயிக்கும் ஆரவாரம். "இதை எப்படி வைக்கிறது?" மறுபடி மூச்சு, நீளமாக, இயந்திரம் தானே துண்டிக்கும்வரை.

 பக்கத்து மேசையிலிருந்து பனி இயந்திரக் கிழவர் சத்தமாக, பிளம்ஸை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்றார்.

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. அடுத்த நொடி அழ ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. எய்லா அவள் முதுகைத் தட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னாரு பாரு," என்றார். "அதுக்கப்புறம் அவர் வயித்துல என்ன கோளாறுன்னு தெரியாத ஆளு இந்தக் குடும்பத்துல இல்ல. பேரனோட புது கேர்ள்ஃப்ரெண்டு வந்தா, அவளுக்கும் போட்டுக் காட்றாங்க. சரி, இப்போ எப்படி அழிக்கிறது?"

டெஸ்ஸா தலையாட்டி மறுத்தாள். சொல்ல மாட்டேன் என்றாள். சொன்னால் தான்தான் அழித்த மாதிரி.

எய்லா கோபப்படவில்லை. ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தானே தேட ஆரம்பித்தார். அப்போதுதான் கொராலி வந்தார். மேசைக்கு முன் மண்டியிட்டார். குரல் மிக மென்மையாகிவிட்டது. முதலில் ஒரு நகல் எடுத்துவைக்கலாமே, எங்காவது பத்திரமாக இருக்கட்டும், பிறகு நிதானமாக முடிவு செய்யலாமே என்றார். வேண்டாம் என்றார் எய்லா. ஒரு நிமிடம்தான் ஆகும் என்றார் கொராலி. வேண்டாம் என்றார் எய்லா. எய்லாவின் கட்டைவிரல் திரையில் எதையோ நோக்கி நகர்ந்தது. கொராலியின் கை தானாகப் போய்ப் பிடுங்கிவிட்டது.

வெறுங்கை. அவருக்கு யாரும் கையுறை மாட்டிவிடவில்லை.

லாய்ட் அடுத்த மேசையிலிருந்து வந்தார். கொராலியிடமிருந்து ஃபோனை மீட்டுக் கிழவியிடம் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் கையுறைகளுக்கு நடுவில் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தன் அப்பா போனபோது ஒரு குரல்கூட மிஞ்சவில்லை என்றார். ஒரு இருமல்கூட இல்லை என்றார். இப்போது ஃபோனைச் சுற்றி கொராலி, லாய்ட், நான் என்று மூன்று பேர் இருந்தோம், ஃபோன் அதன் சொந்தக்காரரிடம் மட்டும் இல்லை. முந்தின நாள் பயிற்சியில் நாங்கள் சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்கள் மேலே இருந்தன. 'கேள். காத்திரு. நம்பு.'

"வெஸ்லி, நீங்க சொல்லுங்க அவங்களுக்கு," என்றார் கொராலி. "உங்களுக்குத் தெரியும். நீங்க சொன்னா கேப்பாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எய்லாவும் பார்த்தார். ஊர் சின்னது. நான் யார், என் மனைவி யார், எந்த லாரி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வேண்டியது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, என்னிடம் ஒன்றுமில்லை, நீங்கள் அதிர்ஷ்டசாலி. உண்மையில் என்னிடம் ஒன்றுமில்லைதான். நடீன் குரலஞ்சலில் பேசவே மாட்டாள். அது குப்பைத்தொட்டியோடு பேசுவது போல என்பாள். தவறிய அழைப்பு என்று காட்டும், அவ்வளவுதான்.

இருபது வரை எண்ணினேன். இந்த முறை நிஜமாகவே எண்ணினேன். எண்ணி முடித்த பிறகும் சொல்லத் தோன்றியது.

லாய்டிடம் ஃபோனைக் கேட்டேன். கையுறைக்குக் கையுறை மாறும்போது கீழே விழப் பார்த்தது. வயிற்றோடு அழுத்திப் பிடித்தேன். எய்லாவின் மடியில் வைத்தேன்.

"கீழ, வலது பக்கம், குப்பைத்தொட்டி படம் இருக்கும்," என்றேன். "அதைத்தான் தொடணும்."

கொராலி எழுந்து நின்றார். லாய்ட் ஒரு கெட்ட வார்த்தையை முக்கால்வாசி சொல்லி நிறுத்தினார். எய்லா குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்துத் தொட்டார். பட்டியல் காலியானது.

"போயாச்சா?" என்று கேட்டார்.

போயாச்சு என்றார் கொராலி, கொஞ்சம் அவசரமாக. நானும் அப்படித்தான் நினைத்தேன். டெஸ்ஸா கயிற்றை மென்றுகொண்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொராலியைப் பார்த்தாள். பிறகு எய்லாவை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் திருப்தியாக முடிந்திருக்கும். மார்லின் அடுத்த ஞாயிறு வந்து அதைத் தோண்டி எடுத்திருப்பாள்.

"நிஜமாப் போகல, எய்லாம்மா," என்றாள் டெஸ்ஸா. "அழிச்சது எல்லாம் இன்னொரு இடத்துல கொஞ்ச நாள் இருக்கும். வேணும்னா திருப்பி எடுக்கலாம். அங்கயும் அழிச்சாத்தான் முழுசாப் போகும்."

கொராலி கண்ணை மூடினார். அவருக்கும் தெரிந்தேயிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

எய்லா சிரித்தார். தொப்பி ஆட, தோள் ஆடச் சிரித்தார். "அவரையும் அப்படித்தானே வெச்சிருந்தாங்க," என்றார். "ஜனவரியில போனாரு. மண்ணு உறைஞ்சு கல்லாட்டம் கெடந்துச்சு, குழி தோண்ட முடியல. இளகுற வரைக்கும் கல்லறைத் தோட்டத்துக் கிடங்குலதான் இருந்தாரு, மே மாசம் வரைக்கும். அப்பவும் எல்லாரும் 'போயிட்டாரு, போயிட்டாரு'ன்னுதான் சொன்னாங்க."

குளிர்காலத்தில் இறப்பவர்கள் எல்லோருக்கும் இங்கே அப்படித்தான். நடீனும் இப்போது அந்தக் கிடங்கில்தான் இருக்கிறாள்.  லாய்ட் தன் கையுறையைப் பார்த்தார்.

டெஸ்ஸா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்த முறை யாரையும் பார்க்கவில்லை. அதே பட்டியலில் கீழே போங்கள், சாம்பல் நிற எழுத்து, அதைத் தொடுங்கள். இங்கே பாருங்கள், அவர் பெயர். மேலே மூலையில் தொடுங்கள். இல்லை, அது இல்லை, அவசரமில்லை, திரும்பி வாருங்கள். அவள் கை இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன. யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நல்ல ஆசிரியை. எங்களில் ஒருவரும் அப்படி இல்லை.

ஃபோன் கடைசியாகக் கேட்டது, நிச்சயமாகவா, இதை மீட்க முடியாது என்று.

"இதுவும் கேக்குது பாரு," என்றார் எய்லா. "எல்லாரும் கேட்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

தொட்டார்.

டெஸ்ஸா மறுபடி அழவில்லை. எய்லாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எய்லா, நான் கற்றுத்தர வேண்டியது பாக்கி இருக்கிறதே என்றார். நூலகத்தில் துடைப்பம் கேட்டு வாங்கினார். மேசைகளுக்கு நடுவே, கர்லிங் கல்லுக்கு முன்னால் எப்படித் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும் என்று காட்டினார். கல்லுக்குப் பதில் அகராதி. டெஸ்ஸா தேய்த்தாள். தரை சுத்தமானது.

மதியச் சாப்பாட்டில் கொராலி கையுறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. விதி விதிதான் என்றார். இளஞ்சிவப்பு ஐசிங் பூசிய பெர்ஷியன் பன்தான் அன்றைக்கு இனிப்பு. தோல் கையுறையோடு அதைச் சாப்பிடுவது பார்க்கத் தகுந்த காட்சி. காதிலிருந்த வாத்துவரை இளஞ்சிவப்பு ஆனது. லாய்ட் எதிரே உட்கார்ந்து, தன் பன்னைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, மிக மிக நிதானமாகச் சாப்பிட்டார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

எனக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை என்றார் கொராலி. நான் பேசியது விதிமீறல். தொட்டதும் விதிமீறல். பேசாதிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகத் தயாரா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தயார் என்று எழுதிக்கொண்டார். கையுறையோடு எழுதியதால் அது என்னவாகவும் இருக்கலாம்.

எய்லா கிளம்பவில்லை. காப்பி நன்றாக இல்லை, இருந்தாலும் இரண்டாவது கோப்பை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மார்லின் மூன்று மணிக்கு அழைத்துப்போக வருவாள், அவளிடம் ஞாயிற்றுக்கிழமைவரை சொல்லப்போவதில்லை என்றார். இறைச்சியை வெட்டிய பிறகு சொல்லலாம், சூடாகச் சாப்பிட்டாவது முடிப்பார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். வாகனம் நிறுத்துமிடத்தில் பனி இயந்திரக் கிழவர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். லாய்ட் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டேன். அந்தப் பழைய குரல்.

"இன்னும் இல்ல," என்றார். "பாப்போம். அந்த மனுஷன் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காரு."

காப்பியை உறிஞ்சினார். எய்லா என் பக்கம் திரும்பவில்லை. "உன் வீட்டுக்காரம்மா கடைசியா என்ன சொன்னாங்க, தம்பி?" என்றார், உப்பு எங்கே என்று கேட்பதுபோல.

யாரும் அதை இப்படிக் கேட்டதில்லை. இறுதிச் சடங்குப் பிரசங்கத்தில் போதகர், அவள் கடைசி எண்ணம் பிறரைப் பற்றியதாகவே இருந்தது என்றார். அவர் அப்போது காரில் இல்லை. நடீனின் அம்மா, 'உன்கிட்ட ஏதாவது சொன்னாளா' என்று கேட்கத் தொடங்கி, பதில் சொல்வதற்குள் அழுது, அதோடு விட்டுவிட்டார். மற்றவர்கள் கேட்காமலே, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குச் சொன்னார்கள். எல்லாம் அழகான வாக்கியங்கள். கேட்டுக் கேட்டு, அவள் சொன்னதே எது என்று எனக்கும் குழம்ப ஆரம்பித்திருந்தது.

எய்லா காத்திருந்தார். எண்ணினாரோ என்னவோ.

அன்று காலை அவள் கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுவிட்டாள். சாவி கையில் இருந்தது. ரொட்டி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு போக மறுபடி சமையலறைக்கு வந்தாள், வெண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தாள். நான் மேசையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. மூடியை டொக்கென்று வைத்தாள். கதவு சாத்துவதற்கு முன்னால் அவள் சொன்னது இதுதான்:

"வெண்ணெயில மறுபடியும் ஜாம். நீயெல்லாம் ஒரு மனுஷனா?"